கற்பழிப்பு: இந்தச் சொல்லை ஏன் விட வேண்டும், பதிலுக்கு எதை எழுதலாம்

கற்பு, அழிப்பு என்று பிரித்துப் பார்த்தாலே கோளாறு தெரிந்துவிடும். ஒருவன் செய்த குற்றத்தைச் சொல்ல வந்த சொல், அவன் என்ன செய்தான் என்பதை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் எது அழிந்தது என்று பேசுகிறது.

கற்பு பழைய சொல். 'கல்' என்ற வேரிலிருந்து வந்தது என்பார்கள், கல்வி என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. தொல்காப்பியத்தில் களவியலை அடுத்துக் கற்பியல் வருகிறது. அங்கே களவு ஊரறியாத காதல், கற்பு என்பது பெண்ணைக் கொடுப்பவர் கொடுக்கக் கரணத்தோடு, அதாவது சடங்கோடு, மணந்து வாழும் வாழ்க்கை, அதாவது இருவருக்கும் பொதுவான ஒரு நிலை. ஆனால் அதே நூல்தான் 'உயிரினும் சிறந்தன்று நாணே, நாணினும் ... கற்புச் சிறந்தன்று' (உயிரைவிட நாணம் சிறந்தது, நாணத்தைவிடக் கற்பு சிறந்தது) என்றும் பெண்ணைப் பற்றிச் சொல்கிறது. ஆகவே பெண்ணின் மேல் மட்டும் சுமத்தும் பழக்கம் நேற்று வந்ததில்லை.

அந்தப் பொருளோடு ஒரு குற்றத்துக்குப் பெயர் வைத்தால் என்ன ஆகும்? 'அவள் ஏற்கெனவே எப்படிப்பட்டவள்' என்ற கேள்வி தானாகவே உள்ளே வந்துவிடும். நீதிமன்றத்திலும் அது நடந்தது: பாதிக்கப்பட்ட பெண் ஒழுக்கமில்லாதவள் என்று காட்டி அவருடைய சாட்சியத்தை மறுக்க இந்தியச் சாட்சியச் சட்டமே இடம் கொடுத்திருந்தது, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அதை நீக்கினார்கள். சட்டம் கேட்க வேண்டியது சம்மதம் இருந்ததா என்பதைத்தான். பாலியல் தொழில் செய்யும் பெண்ணுக்கோ ஒரு சிறுவனுக்கோ இதே கொடுமை நடந்தால், கற்பழிப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவீர்கள்?

சரி, பதிலுக்கு எது? என் தேர்வு வன்புணர்வு. வன்மையால் நிகழ்த்தியது என்பது சொல்லிலேயே இருக்கிறது, 'வன்புணர்ந்தான்' என்று வினையாகவும் வரும். இலங்கைத் தமிழர் பாலியல் வல்லுறவு என்று எழுதுகிறார்கள், அதுவும் தெளிவானதுதான். தமிழ்நாட்டுச் செய்திகளில் பரவியிருக்கும் பாலியல் வன்கொடுமை நல்ல சொல், ஆனால் விரிவானது, தகாத தொடுதலையும் சேர்த்துக்கொள்ளும். எந்தக் குற்றம் என்று துல்லியமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அது போதாது. பலாத்காரம் வலுக்கட்டாயம் என்ற பொருளுடைய வடசொல், பெண்ணின் மேல் களங்கம் ஏற்றவில்லை என்றாலும் எந்தக் கட்டாயம் என்பதைச் சொல்வதில்லை. மானபங்கம், சீரழித்தான், கெடுத்தான் எல்லாம் கற்பழிப்பின் உடன்பிறப்புகள், வேண்டாம்.

அப்புறம் வாக்கிய அமைப்பையும் பாருங்கள். 'மாணவி வன்புணர்வுக்கு ஆளானார்' என்று முடித்துவிட்டால் செய்தவன் வாக்கியத்திலேயே இல்லை. 'மாணவியை வன்புணர்ந்ததாக இளைஞர் மீது வழக்கு' என்று எழுதினால் அவன் உள்ளே வருகிறான், தீர்ப்பு வராத வழக்கு என்பதும் விளங்குகிறது.

பாதிக்கப்பட்டவரே பேசும்போது 'என்னைக் கெடுத்துட்டான்' என்று சொன்னால் மேற்கோளுக்குள் கைவைக்காதீர்கள், அது அவருடைய சொல். தலைப்பும் உங்கள் வாக்கியங்களும்தான் உங்கள் பொறுப்பு.