ஒளியுமில்லை, வட்டமுமில்லை: பால்வீதியின் 'ஹேலோ'

சிங்கப்பூர்த் தமிழில் வானியல் பேச்சு எடுத்தாலே 'பால்வீதியின் ஒளிவட்டம்' வந்து விழுகிறது. தேக்காவில் விற்கும் சாமி படங்களில் தலைக்குப் பின்னே இருக்கிறதே, அதுதான் ஒளிவட்டம். பால்வீதிக்கு அப்படி எதுவும் கிடையாது. பால்வீதியைச் சூழ்ந்து விண்மீன்கள் அருகலாகப் பரவிக் கிடக்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் 'ஹேலோ' (halo) என்று பெயர்; அதைத்தான் இப்படிப் பெயர்த்துவிட்டார்கள்.

'ஹேலோ'வின் வேர் கிரேக்கம். முதற்பொருள் போரடிக்கும் களம். மாடுகள் சுற்றி மிதித்த வட்டம், பிறகு நிலவைச் சூழும் வளையத்துக்குப் பெயராயிற்று. அந்த வளையத்துக்கு நம்மிடம் ஊர்கோள், பரிவேடம் என்று பழஞ்சொற்களே உண்டு.

'ஒளிவட்டம்' இரு பாதியிலும் பிழை. பால்வீதியின் விண்மீன்களில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ஹேலோவில் இருக்கிறது. அதில் ஒளி எங்கே? வடிவமும் வட்டமன்று, பெரும்பாலான மீன்கள் அடங்கிய தட்டு வடிவப் பகுதியை எல்லாப் பக்கமும் சூழ்ந்த உருண்டை. ஒளிவட்டம் என்று படித்த பிள்ளை, சனிக்கு வளையம் போடுவதுபோல் வரைந்துவைக்கும்.

உருண்டை என்று காட்டித் தருபவை ஆர்.ஆர். லைரே வகை மாறொளி மீன்கள், அதாவது விரிந்து சுருங்கித் துடிப்பதால் ஒளி கூடிக் குறையும் விண்மீன்கள். வயது 1,000 கோடி ஆண்டுக்கு மேல். துடிப்புக் காலம் பெரும்பாலும் அரை நாள் அளவு. உண்மை ஒளித்தரம் (32.6 ஒளியாண்டில் வைத்துப் பார்த்தால் தெரியும் தரம்; எண் கூடினால் ஒளி குறைவு) சுமார் 0.6 என்பதால், இங்கிருந்து தெரியும் தோற்றத் தரம் 15.6 என்று அளந்தால் தொலைவு ஏறத்தாழ 32,600 ஒளியாண்டு, 20.6 என்றால் பத்து மடங்கு. தரத்தில் 0.1 பிசகினால் தொலைவில் 5 விழுக்காடு பிசகும். தூசி மறைப்பைத் திருத்தாமல் விட்டால் மீன் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். ஒட்டிச் சுற்றும் இரட்டை மீன்களும், ஒன்றையொன்று மறைத்து ஒளி கூடிக் குறைவதால், நடுவே புகுந்து ஏமாற்றும். அளவீடுகளை இருமடங்கு காலத்துக்கு ஒரு சுற்றாக ஒன்றன்மேல் ஒன்று மடித்துப் பார்த்தால் பல அகப்படும். ஒளி குறையும் அடுத்தடுத்த இரு பள்ளங்களின் ஆழம் வேறுபடும். விண்மீன்களின் இடத்தை அளந்த ஐரோப்பியக் கையா விண்கலத்தின் 2022 பட்டியலில் சுமார் 270,000 ஆர்.ஆர். லைரே மீன்கள் உள்ளன. அவற்றைத் திசையும் தொலைவுமாகக் குறித்தால், தட்டுக்கு மேலும் கீழும் வெகுதூரம் பரவிக் கிடக்கின்றன. பால்வீதியின் ஈர்ப்பில் சிதைந்த தனுசுக் குறுமண்டலம் என்ற சிறு விண்மீன் மண்டலத்தின் மீன்கள் நீண்டு கிடக்கும் ஓடையும் ஊடே தெரிகிறது. இதையா வட்டம் என்பது?

ஊர்கோள் என்றால் எனக்கும் ஆசைதான். ஆனால் 'கோள்' என்றதும் செவ்வாய், வியாழன் என்றே மனம் ஓடும். சூழ்கோளம் என்பதே சரி. கோளம் வடசொல்லாயிற்றே என்பார்கள். பூகோளம் படித்த வாய்க்கு அது கசக்காது.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதே இங்கே மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. மாறொளி மீனை (variable star) 'மாறி' என்றால் இயற்கணிதம். வானத்தைப் படமெடுத்து அளப்பதைக் (survey) 'கருத்தாய்வு' என்றால், வானம் என்ன கருத்துச் சொன்னதாம்? நில அளவை இருக்கிறதே, வான் அளவை என்றால் போதும்.