குரல்வளையில் புற்று, கழுத்தில் ஏன் அறுவை?

காலில் முள் குத்திப் புண் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கையில் புண் என்றால் அக்குளில் கட்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உடம்பின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வடிகிற நிணநீருக்குத் தனி வழி உண்டு. அந்த வழியில் கணுக்கள் காவல் நிற்கின்றன; நெறியாக வீங்குவது அவைதான். புற்றும் இதே வழியில் கணுக்களுக்குப் பரவும். குரல்வளைப் புற்றுநோயில் கழுத்தை அறுப்பதா வேண்டாமா, அறுத்தால் எவ்வளவு என்று முடிவு செய்வதும் இந்த வழியை வைத்துத்தான்.

குரல்வளையின் நடுவே குரல்நாண்கள் இருக்கின்றன. நாணின் விளிம்பில் நிணநீர்க் குழாய்கள் ஏறக்குறைய இல்லை. அதனால் அங்கே தொடங்கும் புற்று நெடுநாள் அங்கேயே கிடக்கும். குரலும் சீக்கிரமே கரகரத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நாணுக்கு மேலே இருக்கும் பகுதி அப்படியில்லை. அங்கே நிணநீர்க் குழாய்கள் வலைபோல நெருக்கமாக ஓடி, கழுத்தின் இரண்டு பக்கமும் வடிகின்றன. தொந்தரவும் பெரிதாகத் தெரியாது. விழுங்கும்போது ஓர் உறுத்தல், சில நேரம் காதுவலி, அவ்வளவுதான். கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகே டாக்டரிடம் வருகிறவர்கள் உண்டு.

அறுவை மருத்துவர்கள் கழுத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து பகுதிகளாகப் பிரித்து, முன்பக்க நடுப்பகுதியை ஆறாவதாக வைக்கிறார்கள். தாடைக்கு அடியில் 1. கழுத்தின் பெரிய சிரையை ஒட்டி மேலிருந்து கீழாக 2, 3, 4. பின்னால் 5. குரல்வளைப் புற்று பெரும்பாலும் போவது 2, 3, 4-க்கு. நாணுக்குக் கீழே தொடங்கினால் முன்பக்கத்து 6-க்கும் போகும். 1-க்கும் 5-க்கும் போவது அபூர்வம்.

இந்த வரைபடம் கையில் இல்லாத காலத்தில் எல்லாவற்றையும் எடுத்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் கிரைல் 1906-இல் 132 அறுவைகளின் அனுபவத்தை வெளியிட்டார். கணுக்களோடு கழுத்துத் தசை, பெரிய சிரை, தோளுக்குப் போகும் நரம்பு எல்லாமே போய்விடும். எதை விட்டுவைத்தாலும் புற்று திரும்பும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் நோயாளி கொடுத்த விலை அதிகம். அந்த நரம்பு போனால் தோள் தொங்கிவிடும், கையைப் பக்கவாட்டில் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தலை வாருவதும் கொடியில் துணி போடுவதும்கூடப் பாடாகிவிடும்.

அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரஸ் 1963-இல் வேறொரு வழி காட்டினார். கணுக்கள் இருப்பது கொழுப்பில். தசைக்கும் சிரைக்கும் தனித்தனி உறை இருக்கிறது. வாழைத்தண்டில் பட்டையை உரிப்பதுபோல அந்த உறைகளை உரித்தால் கணுக்கள் கொழுப்போடு சேர்ந்து வந்துவிடும், உள்ளே இருப்பவை பிழைக்கும். அவர் ஸ்பானிய மொழியில் எழுதியதை இத்தாலியின் எட்டோரே போக்கா உலகெங்கும் கொண்டுபோனார். இன்று பல குரல்வளை நோயாளிகளுக்கு 2, 3, 4-ஐ மட்டும் எடுத்தாலே போதும். கழுத்து அறுவையின் வரலாற்றில் இதைவிடக் கருணையான திருத்தம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கழுத்தில் கட்டியே இல்லாவிட்டால்? மிகச் சிறிய பரவல் ஸ்கேனில் தெரியாது. ஒளிந்திருக்கும் வாய்ப்பு 15 முதல் 20 சதவீதத்தைத் தாண்டும் என்று தோன்றினால், காத்திருக்காமல் கழுத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்ப்பார்கள். நாணுக்கு மேலே வரும் புற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கவனிக்கிறார்கள். நாணிலேயே ஆரம்ப நிலையில் இருந்தால் கழுத்தைத் தொடுவதில்லை. கழுத்துக்கும் வைத்தியம் தேவைப்படுகிறவர்களுக்கு, குரல்வளைக்குக் கதிர்வீச்சு என்று முடிவானால் கழுத்துக்கும் பெரும்பாலும் அதையே கொடுப்பார்கள்.

அறுவையில் மிகுந்த பொறுமை கேட்கும் இடம் தாடைக்குக் கீழே, கழுத்துத் தசையின் மேற்பகுதி. தசையை ஒதுக்கினால் தடித்த நூல் போல வெள்ளையாக, தோளுக்குப் போகும் அந்த நரம்பு தெரியும். மின்தூண்டல் கருவியால் தொட்டால், போர்த்திய துணிக்கு அடியில் தோள் துள்ளும். இடப்பக்கம் கீழே இறங்கும்போது இன்னொரு கவலை: குடலிலிருந்து கொழுப்பு சுமந்து வரும் பெரிய நிணநீர்க் குழாய் அங்கேதான் சிரையில் சேர்கிறது. அது கிழிந்தால் பால் போன்ற திரவம் கசியும். அதனால் தைப்பதற்கு முன் மயக்க மருத்துவரிடம் சொல்லி நோயாளியின் நெஞ்சில் காற்றழுத்தத்தைக் கூட்டச் செய்து, கசிகிறதா என்று பார்ப்பார்கள்.

எடுத்த கொழுப்புத் திசுவைப் பகுதி வாரியாகப் பிரித்து, எண் எழுதிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அங்கே அதைத் துழாவி ஒவ்வொரு கணுவாக எடுத்து நறுக்கிப் பார்க்கிறார்கள். எத்தனை கணுவில் புற்று என்பதோடு, கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா என்பதும் முக்கியம். வந்திருந்தால் கதிர்வீச்சோடு கீமோவும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

அப்புறம் தோள். நரம்பை வெட்டாமல் காப்பாற்றியிருந்தாலும், அறுவையின்போது இழுபட்டதால் சில வாரங்களாவது சோர்ந்து கிடக்கும். அதற்குப் பிசியோதெரபியில் ஓர் எளிய பயிற்சி தருவார்கள்: சுவரை ஒட்டி நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏறுவது, எட்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மறுநாள் அதைத் தாண்டப் பார்ப்பது.