இடைநின்ற பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்க வேண்டும்?

சேலத்து வெள்ளிப் பட்டறையிலிருந்தோ ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்தோ பள்ளிக்குத் திரும்பும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், "எழுத்துக்கூட்டக்கூடத் தெரியவில்லை, மூன்றாம் வகுப்பில் உட்காரட்டும்" என்று சொல்லப்பட்டால் பெற்றோர் தலையாட்டிவிடக் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இடைநின்ற பிள்ளையை வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்தைச் சிறப்புப் பயிற்சியால் ஈடுகட்ட வேண்டும்.

இது சலுகையன்று. ஒத்த வயதினரோடு பழகக் கற்பதை பள்ளிப் பருவத்தின் முக்கியமான வளர்ச்சிப் பணிகளில் ஒன்றாக அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் ஹாவிகர்ஸ்ட் குறிப்பிட்டார். எட்டு வயதுக் குழந்தைகளுக்கு நடுவே உட்கார்த்தப்படும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போகிறது. கூச்சம் தாளாமல் சில வாரங்களில் மறுபடியும் வேலைக்குப் போய்விடுகிறது. பிறகு "பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று பள்ளியே எழுதிக்கொள்ளும்.

அலைக்கழிப்பு பெரும்பாலும் காகிதத்தில்தான் தொடங்குகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று 5ஆம் பிரிவும், வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்க முடியாது என்று 14ஆம் பிரிவும் தெளிவாகவே சொல்கின்றன. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஏற்காட்டு மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடிக் குடும்பங்கள் சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பது தனிக் கதை; உதவித்தொகைக்கு அது வேண்டியிருக்கலாம், வகுப்பில் உட்காருவதற்கு வேண்டியதில்லை. மாணவர் விவரங்களைப் பதியும் அரசுக் கணினித் தளமான எமிஸில் பிள்ளைக்கு உள்ள எண்ணைப் பழைய பள்ளி விடுவிக்கவில்லை என்றால், அது இரண்டு தலைமை ஆசிரியர்களும் வட்டாரக் கல்வி அலுவலகமும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய வேலையே தவிர, ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்கி வந்து தாய் செய்து முடிக்க வேண்டிய வேலையன்று.

சேர்த்த பிறகுதான் பெரிய பொறி இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறியதும் எல்லாம் முடிந்ததாகக் கருதப்பட்டு, சிறப்புப் பயிற்சி காகிதத்தோடு நின்றுவிடுவதுண்டு. எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் நடத்துவார் என்று வட்டார வள மையத்தில் எழுத்தில் கேளுங்கள். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது என்றால் அடுத்த ஜூன் வரை காத்திருக்காதீர்கள். கல்வியாண்டின் நடுவிலும் சேர்த்தாக வேண்டும். சட்டம் 6 முதல் 14 வயது வரையிலானோருக்கு உரியது. ஆனால் அதற்குள் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு, 14 வயது கடந்தாலும், எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமை தொடரும்.

வாய்மொழியாகச் சொல்லப்படும் மறுப்புக்கு எந்தத் தடயமும் இருக்காது. ஆகவே மனுவை எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் முறையிடலாம். உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் கொடுத்த புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. அந்தக் கெடு மனு கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படுவதால், ஒப்புகையில் தேதி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.