பரம்பரையலகில் பிழை என்றால் பரம்பரை நோயா?

அண்ணனுக்கு நாட்பட்ட இரத்தப் புற்றுநோய், அதனால் தங்கச்சியின் கலியாணப் பேச்சு குழம்பிவிட்டது. கிளிநொச்சியில் கேட்டாயிற்று, முல்லைத்தீவில் கேட்டாயிற்று, இப்போது வவுனியாப் பக்கமும் இதே கதைதான். ஏன் என்று கேட்டால், “பரம்பரையலகிலே பிழையாம், சந்ததிக்கும் வருமாம்” என்று கிளினிக் கொப்பியை நீட்டுகிறார்கள்.

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் ‘ஜீன்’ என்பதற்குப் பரம்பரையலகு என்றுதான் படித்தோம். சொல்லுக்குள்ளேயே பரம்பரை உட்கார்ந்திருந்தால் சனம் வேறென்ன நினைக்கும்?

சீ.எம்.எல். என்ற நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில் பரம்பரையலகுகளைத் தாங்கும் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) முறிந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அப்படிக் குட்டையாகிப்போன 22ஐத்தான் ரிப்போர்ட்டில் ‘பிலடெல்பியா’ என்று எழுதுகிறார்கள். 1960இல் அந்த நகரத்தில் கண்டுபிடித்ததால் வந்த பெயர், அவ்வளவுதான். இந்த முறிவு பிறக்கும்போது இருந்ததல்ல. பிறந்து வளர்ந்த பிறகு, எலும்பு மச்சையில் இரத்தம் உண்டாக்கும் ஒரேயொரு கலத்தில் நடந்தது. அந்தக் கலத்தின் வழிவந்த இரத்தக் கலங்களில் மட்டும் அது இருக்கும். விந்திலும் முட்டையிலும் இல்லை. பிறகு எப்படிப் பிள்ளைக்குப் போகும்? தங்கச்சிக்கு எப்படி வரும்? வயலின் ஒரு மூலையில் பன்றிநெல் முளைத்தால் வீட்டுச் சாக்கில் கிடக்கும் விதைநெல் கெட்டுவிடுமா?

இரத்தம் தடிக்கும் நோயில் வரும் ‘ஜாக் 2’ விகாரமும் (பரம்பரையலகில் வரும் மாற்றம்) பெரும்பாலும் இப்படி இடையில் வந்ததுதான். சீ.எல்.எல். என்ற இன்னொரு வகை இரத்தப் புற்றுநோயில் நெருங்கிய உறவினருக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆனாலும் மிகப் பெரும்பாலான உறவினருக்கு அது வருவதில்லை. கலியாணத்தை நிறுத்த அதுவும் காரணமில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது குளிசையை நிறுத்துவதற்கு. சீ.எம்.எல்.லுக்குக் கொடுக்கும் இமாட்டினிப் குளிசை வழக்கமாக நாளுக்கு 400 மில்லிகிராம். பெரிய சாப்பாட்டோடு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீருடன் விழுங்குங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒரு நேரம் தவறினால் அடுத்த நேரம் இரண்டாகப் போடாதீர்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை இறங்கியதும், அரிவு வெட்டு நேரம் கிளினிக்குக்கு எங்கே போவது என்று விட்டுவிடுகிறார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கலாம். பிழைபட்ட கலங்கள் மச்சைக்குள் அப்படியே கிடக்கும். விட்டு விட்டுப் போட்டால், மருந்துக்கு மசியாத புது விகாரம் தலையெடுக்க இடமுண்டு. பரியாரியாரின் கசாயம் குடிக்கிறீர்களா? ஒளிக்காமல் சொல்லுங்கள், ஏச மாட்டோம்.

பிழைபட்ட பரம்பரையலகு இரத்தத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பீ.சீ.ஆர். சோதனை. (கொரோனாவுக்கு மூக்கில் எடுத்த அதே முறைதான், இங்கே எடுப்பது இரத்தம்.) அந்த அளவு மூன்றாம் மாதம் 10 வீதத்துக்குள்ளும், ஒரு வருடத்தில் 0.1 வீதத்துக்குள்ளும் வந்தால் நல்லது. முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். இதற்கான இரத்தம் ஊதா மூடிக் குழாயில், நிறமூர்த்தச் சோதனைக்குப் பச்சை மூடி. இரண்டாவதில் கலங்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். ஆகவே ஐஸுக்குள் புதைக்காதீர்கள், பஸ் யன்னலோரம் வெயிலிலும் வைக்காதீர்கள். இரண்டுமே கூடியவரை அடுத்த நாளைக்குள் கொழும்புக்குப் போகவேண்டும். வெள்ளி பின்னேரம் இரத்தம் எடுத்து அனுப்பினால் சனி ஞாயிறு எங்கோ ஒரு மூலையில் கிடந்து வீணாகும்.

பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவுக்கு ஆபத்து அந்தக் குளிசையால்தான், நிறமூர்த்தத்தால் அல்ல.

சம்பந்தி வீட்டாருக்கு ரிப்போர்ட் விளங்கவில்லையா? நோயாளி சம்மதித்தால், தயவுசெய்து அடுத்த கிளினிக்குக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.