சிங்க் கட்டிக்குப் பெயின்ற் அடிக்காதீர்கள்

திருகோணமலையில் வாடைக்கு முன் படகுகளைக் கரையேற்றி அடிப்பெயின்ற் பூசுவார்கள். அப்போது, புரொப்பெல்லரைக் கடல் அரிப்பிலிருந்து காக்கப் பூட்டியிருக்கும் சிங்க் (நாகம்) கட்டிக்கும் சேர்த்து ஒரு பூச்சு இழுத்துவிடுகிறார்கள். படகு இயந்திர வேலை செய்கிறவன் என்ற முறையில் இதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அடுத்த முறை ஏற்றும்போது கட்டி புதிதாகவே இருக்கும். புரொப்பெல்லரின் விளிம்பு இளஞ்சிவப்பாகி, சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காது.

உலோகத்தில் அணுக்களின் வெளி இலத்திரன்கள் ஓர் அணுவுக்கென்று நிற்பதில்லை. உலோகத் துண்டு முழுக்கப் பொதுவாக ஓடித் திரிந்து, நேரேற்ற அயன்களைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. இதுதான் உலோகப் பிணைப்பு. செம்புக் கம்பியில் மின் ஓடுவதும், அடித்தால் உடையாமல் தகடாவதும் இதனால்தான். கடலில் நமக்கு வினையாவதும் இந்த ஓட்டம்தான். இரண்டு உலோகங்கள் தொட்டபடி உப்புநீரில் கிடந்தால், இலத்திரனை இலகுவில் விடும் உலோகம் அயனாகிக் கரையும், மற்றது தப்பும். நாகம் இலகுவில் விடும், அதனால் அது கரைந்து புரொப்பெல்லரைக் காக்கும். கப்பலின் செப்புத் தகட்டைக் காக்க நாகத்தையோ இரும்பையோ பொருத்தலாம் என்று ஆங்கில இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவி 1824இலேயே காட்டினார்.

"அண்ணை, சும்மா கரைஞ்சுபோற கட்டிக்கு ஏன் காசு?" என்று ஒரு தம்பி கேட்டார். கரையத்தான் அதை வாங்குகிறோம். பெயின்ற் அடித்தால் கடல்நீர் அதைத் தொடாது, அது கரையாது. கட்டியின் அடியில் துருவோ பெயின்றோ இருந்தாலும் இலத்திரன் கடக்காது. உலோகம் மினுங்கும்வரை சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். ஃபைபர் உடல் மின்னைக் கடத்தாது. அதனால் உடலில் பூட்டிய கட்டியிலிருந்து புரொப்பெல்லர் தண்டு வரைக்கும் கம்பித் தொடர்பு வேண்டும். மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புரொப்பெல்லர் ஏன் சிவக்கிறது? மாங்கனீசு வெண்கலம் என்று விற்பதில் பெரும்பாலும் செம்பும் நாகமும்தான், அதாவது ஒருவகைப் பித்தளை. காவல் இல்லாவிட்டால் அதற்குள்ளிருக்கும் நாகமே கரைந்துபோய், துளைதுளையான செம்பு மிஞ்சும். உருவம் மாறாது, பலம் போய்விடும். மலிவுப் பித்தளை போல்டுகளும் இப்படித்தான். ஒருமுறை குறட்டால் திருகியபோது தலை தனியே கையோடு வந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே சாதாரணப் பித்தளை போடவே கூடாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்லது என்று நம்புகிறார்கள். 304, 316 என்ற இலக்கங்களில் விற்கும் இரண்டு வகையிலும் சாதாரணமாகக் காந்தம் ஒட்டாது. உப்பு குழிகுழியாக அரிப்பதைத் தாங்க 316இல் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்த்திருக்கிறார்கள். கடையில் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் 316ஐக்கூட ஈரப் பலகைக்குள் புதைத்துப் பூட்ட வேண்டாம். அதைக் காக்கும் குரோமியம் ஒட்சைட்டுப் படலம் தன்னைப் புதுப்பிக்க ஒட்சிசன் வேண்டும்.

சரி, இந்த முறை படகை ஏற்றினால் முதலில் கட்டியைப் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். கொஞ்சம்கூடக் கரையாமல் இருந்தால் சந்தோஷப்படாமல் தொடர்பைச் சோதியுங்கள்.