மீன் கருவைப் புரட்டிப் பார்க்கும் இயந்திரங்கள்

வரிக்குதிரை மீனின் கரு, நோய்களை ஆராய்பவர்களுக்குக் கிடைத்த நல்ல வசதி. தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, உள்ளுறுப்புகள் வெளியே தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது, கருவுற்று 24 மணி நேரத்தை ஒட்டி இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனிலும் இணை உண்டு என்பது 2013-இல் தெரியவந்தது. ஒரே தடவையில் ஒரு பெண் மீன் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆக, கருவுக்குப் பஞ்சமில்லை. அதைக் கையாள ஆளுக்குத்தான் பஞ்சம்.

செத்த முட்டைகளைப் பிரிப்பது இயந்திரத்துக்குச் சுலபம். அவை வெளுத்துப்போய் ஒளியை மறைக்கும், கேமரா உடனே கண்டுபிடித்துவிடும். 96 குழிகள் கொண்ட தட்டில் குழிக்கு ஒன்றாகப் போடுவதும் பெரிய காரியமில்லை.

ஊசி போடுவதுதான் சிரமம். கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. செலுத்தும் அளவோ சில நானோலிட்டர். நெதர்லாந்தின் லைடனில் காசநோயை ஆராய்ந்தவர்கள் இதற்குச் சாமர்த்தியமான வழி கண்டார்கள். காசநோய்க் கிருமியின் உறவான ஒரு பாக்டீரியாவை, கரு சில டஜன் செல்களாக இருக்கும்போதே மஞ்சள் கருவுக்குள் செலுத்தினார்கள். அது பெரிய இலக்கு. முட்டை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ரோபோவின் ஊசி அதில் இறங்கிவிடும். ரோபோவை நுட்பமாக்குவதற்குப் பதில் வேலையை எளிதாக்கிவிட்டார்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

ஆனால் படம் எடுக்கும்போது தப்பிக்க முடியாது. கல்லீரலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பக்கம், மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் மேலிருந்து. முட்டையிலிருந்து வெளிவந்த புழுப்பருவ மீன்குஞ்சோ தன்னிஷ்டத்துக்குச் சாய்ந்து கிடக்கும். 2010-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மீனையே மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சினார்கள். அது நுண்ணோக்கியின் அடியில் வந்ததும் ஓட்டம் நிற்கும். இரு முனையிலும் உள்ள மோட்டார்கள் குழாயைச் சுழற்றும். வேண்டிய கோணத்தில் படம் விழும். அப்புறம் மீன் உயிரோடு தட்டுக்குத் திரும்பிவிடும். எல்லாம் அரை நிமிடத்துக்குள்.

சில நோய்களுக்கு உறுப்பைப் பார்க்கவே தேவையில்லை, நடத்தையே போதும். டிராவே நோய் என்னும் கடுமையான வலிப்புக்குக் காரணமான மரபணுக் கோளாறு கொண்ட மீன்கள் திடீர்திடீரென வேகமாகச் சுற்றி நீந்தும். கேமரா அந்த வேகத்தைக் கணக்கிடும். கலிஃபோர்னியாவில் நூற்றுக்கணக்கான மருந்துகளை இப்படித் தண்ணீரில் கலந்து பார்த்தபோது, ஒவ்வாமைக்கான பழைய மருந்தான கிளெமிசோல் வலிப்பைத் தணிப்பது 2013-இல் தெரியவந்தது.

சரி, மீன் அமைதியானால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமா? செத்த மீனும் அசையாது. வெறும் மயக்கத்தில் கிடக்கும் மீனும் அப்படித்தான். வேகத்தை மட்டும் அளக்கும் கணினிக்கு இந்த மூன்றும் ஒன்றே. அதனால் ‘வெற்றி’ என்று பட்டியலில் வந்த ஒவ்வொரு மருந்துக்கும், மீனின் இதயம் துடிக்கிறதா, தொட்டால் விலகி ஓடுகிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.