பல் வேருக்குள் குளோரின்

"உந்தத் தண்ணி அடிக்கிறதுக்கோ பிள்ளை இவ்வளவு நேரம்?"

வாயில் கட்டியிருந்த ரப்பர் விரிப்பைக் கழற்றியதும் அந்த அம்மா கேட்ட முதற்கேள்வி இது. சுன்னாகத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர். கடைவாய்ப் பல் சூத்தையாகி, முதலில் கராம்பு, பிறகு பனடோல், அதற்குப் பிறகு யாரோ சொன்ன அன்டிபயோட்டிக் என்று நாளைக் கடத்தி, கொடுப்பு வீங்கிய பிறகுதான் என்னிடம் வந்தார்.

"தண்ணியில்லை அம்மா, குளோரின்."

"கிணத்துக்குப் போடுறதோ!"

ஏறத்தாழ அதுதான். மாரி வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குப் போடுகிற தூளில் இருப்பது கல்சியம் ஹைப்போகுளோரைட். நாங்கள் சிறிஞ்சில் எடுப்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். முதலாம் உலகப் போரில் ஹென்றி டேக்கின் என்ற இரசாயனவியலாளர் படையினரின் சீழ்ப்பிடித்த காயங்களைக் கழுவ இதன் 0.5 சதவீதக் கரைசலைத்தான் பயன்படுத்தினார். பல் வேருக்கு அதிலிருந்து 5 சதவீதத்துக்குச் சற்று மேல்வரை பாவிக்கிறோம். கிருமியைக் கொல்வதோடு செத்த சதையையும் கரைத்துவிடும். வேறு எந்தக் கழுவு மருந்தும் அதை இவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

"நரம்பு எடுக்கிறது" என்றால் ஃபைல் என்ற ஊசிபோன்ற மெல்லிய அரத்தால் சுரண்டுவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பல் வேருக்குள் நரம்பு ஓடும் வேர்க்குழாய் நேரான குழாய் அல்ல. எங்கள் ஊர்ச் சுண்ணக்கல்லுக்குள் ஓடும் வெடிப்புகள்போல அதற்கும் கிளைகளும் இடுக்குகளும் உண்டு. நுண் சி.ரி. படங்களில் பார்த்தால் குழாய்ச் சுவரின் மூன்றிலொரு பங்குக்கு மேலேகூட ஃபைல் தொடாமல் கிடக்கும். அங்கே போவது கழுவு மருந்து மட்டுந்தான். ஃபைல் அதற்கு வழி வெட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே.

மாத்திரையும் அங்கே போகாது. உள்ளே சதை செத்துவிட்டால் இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும்? காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டம் என்றால் கதை வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஃபைல் போடும்போது சுவரில் அப்பும் தூளை எடுக்க 17 சதவீத ஈ.டி.டி.ஏ. என்ற கரைசலைப் பாவிக்கிறோம். இன்னொரு கரைசலான, கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடினை ஹைப்போகுளோரைட்டுடன் கலக்கவே கூடாது. படிக்கிற காலத்தில் இடையில் கழுவ மறந்து நான் ஒருமுறை கலந்துவிட்டேன். செம்மண் நிறத்தில் ஒரு படிவு குழாயை அடைத்தது. அதை எடுத்து முடிக்கக் கை கடுத்துவிட்டது.

ஹைப்போகுளோரைட் வேர் நுனியைத் தாண்டினால் கடும் வலியும் வீக்கமும் வரும். அதனால்தான் பக்கத்தில் துளையுள்ள ஊசி, நுனிக்கு முன்பே நிறுத்துவது, மெதுவாகத் தள்ளுவது. திடீரென்று எரிந்தால், வாயில் குளோரின் ருசி தெரிந்தால், கையை உயர்த்துங்கள். பொறுத்துக்கொண்டு இருக்கவேண்டாம்.

முதல் நாள் முடிவில் உள்ளே கல்சியம் ஹைட்ரொக்சைட் வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தேன். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பும் அதே பொருள்தான். அதற்காக டப்பாவிலிருந்து எடுத்துப் பல்லில் வைத்துவிடாதீர்கள்!

நோ நின்றுவிட்டதென்று அந்த அம்மா ஒரு மாதம் வரவில்லை. முறுக்குக் கடித்து அடைப்பு உடைந்ததையும் பொருட்படுத்தவில்லை. எச்சில் உள்ளே போய்விட்டது. மறுபடி குளோரினிலிருந்தே தொடங்கினேன்.